தெரியாது என்று சொன்ன பிள்ளைகள்

என் அக்காவுக்கு, எங்கே இருந்தாலும் யாரையாவது திருத்திக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரிந்த என் அக்காவுக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன்னை அடக்கம் செய்த நாளில் சபையார் தமிழில் ஒரு பாட்டும் மலையாளத்தில் ஒரு ஜெபமுமாக உன்னை அனுப்பிவைத்தார்கள். அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. தம்பிக்குத் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். பாதி துக்கம்தான். மீதி கோபம். அதில் பெரிய பங்கு உன் மேல்.

இதை உனக்கு மட்டும் எழுதுவதென்றால் எழுதிவிட்டு அடுப்பில் போட்டிருப்பேன். நாகர்கோவிலிலிருந்து வருகிற ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்ப உத்தேசம். நீயும் நானும் பேசுவதை எல்லையோரத்து ஜனங்கள் காது கொடுத்துக் கேட்கட்டும். கேட்க வேண்டிய காரணம் அவர்களுக்கு உண்டு.

முதல் செய்தி உனக்கு. இரண்டு மாநிலத்துக்கும் நடுவே கோடு விழுந்துவிட்டது. நீ போன அடுத்த மாதமே விழுந்தது. நெய்யாற்றின்கரையில்தான் விழும், வேறெங்கும் விழாது என்று தலைவர்கள் மேடைக்கு மேடை சத்தியம் செய்தார்களே, அவர்கள் யாரையும் கேட்காமல் களியக்காவிளையில் விழுந்தது. தெற்கே உள்ளவர்கள் மதராஸ் மாநிலத்துக்காரர்கள் ஆனார்கள். பாறசாலையில் இருக்கிற நாம் கேரளத்துக்காரர்கள் ஆனோம். நம் தொண்டையையும் சேர்த்து வைத்துக் கத்தித்தான் அவர்களுக்கு அது கிடைத்தது. வெற்றி விழா மேடைக்கு எனக்கும் ஆள் அனுப்பியிருந்தார்கள். யாருடைய வெற்றிக்கு நான் போய் நாற்காலியில் உட்காருவது அக்கா?

பத்திரிகையில் வாசிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். நம் சபையின் சமுதாயக் கல்லூரி என்பது ஆலயத்துக்குப் பின்னால் ஓடு போட்ட ஒரு கூடம். காலையில் அங்கே பாலர் வகுப்பு. சாயங்காலம் அதே கூடத்தில் பெரியவர்களுக்கு இரண்டு படிப்புகள். பாலர் பள்ளி ஆசிரியை ஆக விரும்புகிற பெண்களுக்கு நீ நடத்திய குழந்தைக் கல்வி ஒன்று. கடையில் நிற்கிறவர், தறியில் இருக்கிறவர், யார் வந்தாலும் நான் நடத்திய பொருளாதாரம் மற்றொன்று. பெரிய கல்லூரிக்குப் போக வழியில்லாதவர்களுக்கு அதுவே கல்லூரி. பாடம் தமிழில்.

மதராசில் பட்டம் வாங்கிவந்த மிதப்பில் நான் ஒருநாள் உன் மாணவிகள் முன்னால் கேட்டேன். "குஞ்சுப் பிள்ளைகளப் பாத்துக்கிடதுக்கு எதுக்கு ஒரு காலேஜ் படிப்பு? பெத்தவளுக்குத் தெரியாததா?"

நீ கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே திரும்பாமல் சொன்னாய். "எலே, ஒனக்க பொருளாதாரம் ஒரு பிள்ளைக்க மூக்கத் தொடச்சி விடுமா? விடும்னா சொல்லு. இன்னைக்கே எனக்க படிப்ப நிறுத்துறேன்."

அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. அதோடு விட்டாயா? உன் மாணவிகள் எல்லாரும் என் பொருளாதாரமும் படித்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டாய். "பிள்ளை என்னத்துக்குப் பசிச்சி வாறதுன்னு அறியாதவ அதுக்குப் பாட்டு படிச்சிக் குடுக்கப்பிடாது" என்றாய். மறுவாரமே அவர்கள் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அந்தச் சட்டத்தையும் நான் மறக்கவில்லை.

உன் படிப்பின் முதல் பாடம் எனக்கே மனப்பாடம். பிள்ளை எந்தப் பேச்சோடு வாசலில் வந்து நிற்கிறதோ, அந்தப் பேச்சில் போய் அதை உள்ளே கூட்டிவா. நம் கூடத்துக்கு வருகிற பிள்ளைகளில் தகப்பன் தமிழும் தாய் மலையாளமுமாக உள்ளவர்கள் உண்டு. கோயில் பக்கத்துப் பிள்ளைகளும் சபைப் பிள்ளைகளும் ஒன்றாய்க் கலந்து ஒரே வாக்கியத்தில் இரண்டையும் பேசுவார்கள். இங்கே வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. யார் எந்தப் பேச்சில் கேட்டாலும் அந்தப் பேச்சில் பதில் சொல்வது நம் பக்கத்து மரியாதை. கடைக்காரன் அப்படி, பஸ் கண்டக்டர் அப்படி, நாலு வயதுப் பிள்ளையும் அப்படி.

அந்த மரியாதைதான் நம்மைக் கொன்றது.

தமிழ் பேசுகிற தாலுகாக்களை மதராசோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம் சூடாக இருந்த நேரம். இந்தப் பக்கத்துப் பாலர் வகுப்புகளில் பிள்ளைகளின் வீட்டு மொழி என்ன என்று பார்த்து எழுத ஒரு கல்வி ஆபீசர் வருகிறார் என்று தெரிந்தது. நான் உன்னிடம் ஓடி வந்தேன். "அக்கா, அந்த ஒரு நாள் மட்டும் பிள்ளைகள்ட்ட தமிழே பேசச் சொல்லு. காலில விழுறேன்."

"பிள்ளைகளுக்குக் கள்ளம் படிச்சிக் குடுக்கவா நான் இந்தப் படிப்பு நடத்துறது?"

"கள்ளம் இல்ல அக்கா. அதுகளுக்குத் தமிழ் தெரியும்லா?"

"மலையாளமும் தெரியும்லா? அத மறைக்கச் சொன்னா கள்ளமாக்கும். போயி ஒனக்க வகுப்பப் பாரு."

ஆபீசர் வந்தார். நல்ல மனிதர்தான். சம்மணம் போட்டுப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தார். "மோளே, நின்டெ பேரெந்தா?" என்று கேட்டார். தங்கம் என்கிற பிள்ளை எழுந்து நின்று, அட்சரம் பிசகாத மலையாளத்தில் பேரைச் சொல்லி, வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று சொல்லி, காலையில் மரச்சீனிக் கிழங்கு தின்றதையும் சொன்னாள். மற்ற பிள்ளைகளும் போட்டி போட்டுக்கொண்டு மலையாளத்தில் ஒப்பித்தார்கள். ஆபீசருக்கு ஒரே சந்தோஷம். வீட்டு மொழி மலையாளம், தமிழ் வகுப்புக்கு அவசியமில்லை என்று எழுதிக்கொண்டு கிளம்பினார்.

அவர் ஜீப் திரும்பியதும் தங்கம் உன் சேலையைப் பிடித்து இழுத்துச் சொன்னது நினைவிருக்கிறதா? "டீச்சர், பாவம் அந்த ஆபீசர் சாறு. அவருக்குத் தமிழ் தெரியாதாக்கும். அதாக்கும் நான் அவருக்க பேச்சில சொன்னது."

நீ அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தாய். நான் சுவரில் முட்டிக்கொண்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நாம் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல், தேவைக்குத் தவிரப் பேசவில்லை. கோடு விழுமுன் தெற்கே குழித்துறைப் பக்கம் கல்லூரியை மாற்றிவிடலாம் என்று நான் சொன்னபோதும், "எனக்க பிள்ளைகள் இங்கயாக்கும் இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். உன் பிடிவாதத்தை எல்லாரும் தைரியம் என்று புகழ்ந்தார்கள். அதன் சுமை யார் தலையில் இறங்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு காய்ச்சல் வந்தது. நெய்யாற்றின்கரை ஆசுபத்திரியில் நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சண்டையை மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். மனதுக்குள் போட்ட சண்டையில் நீ எப்படிப் பதில் சொல்வாய்?

இப்போது நடப்பைக் கேள். கோடு விழுந்த பிறகு களியக்காவிளையில் சோதனைச் சாவடி வந்திருக்கிறது. பஸ்ஸை நிறுத்தி மூட்டையைக் குத்திப் பார்க்கிறார்கள். நாஞ்சில் நாட்டு அரிசி இந்தப் பக்கம் வர விடுவதில்லை. ஒரே சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. இது ஏன் என்று என் வகுப்பில் கேட்டேன். துணிக்கடையில் வேலை பார்க்கிற ஒருவன் எழுந்து, "சாரே, உள்ள காரணத்தப் பரீட்சைக்கு எழுதினா மார்க்கு வருமா, போலீஸ் வருமா?" என்றான். சிரித்தோம். சிரித்துவிட்டு, அடுத்த வருஷம் இந்த வகுப்பு இருக்குமா என்று யாரோ கேட்டார்கள்.

அந்தப் பழைய ஆபீசர் எழுதிப் போனது எங்கேயோ கிடந்து, கோடு விழுந்ததும் எழுந்து வந்துவிட்டது. நம் பாலர் வகுப்பையும், ஆசிரியைப் படிப்பையும் பள்ளி திறக்கும்போது மலையாளத்துக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவு. இன்னொரு ஆபீசர் வந்து பார்த்து, பிள்ளைகளின் வீட்டு மொழி தமிழ்தான் என்று சொன்னால் மட்டும் இப்படியே நடத்தலாம். சபைச் செயலாளர் அதற்குள் மலையாளப் பாடப் புத்தகத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். "காலத்துக்கு ஏத்தபடி போணும் சாரே" என்கிறார். போராட்டத்தில் கொடி பிடித்து எனக்கு முன்னால் நடந்த அதே ஆள். இதையும் நான் மறக்கப் போவதில்லை.

உன் மாணவிகள் இரண்டு வருஷப் படிப்பில் பாதி தாண்டி நிற்கிறார்கள். மலையாளம் அவர்களுக்குப் பேச வரும், எழுத வராது. மாற்றினால் அவர்கள் படித்ததெல்லாம் தண்ணீரில் போனது போலத்தான். உன் இடத்தில் இப்போது பாலர் வகுப்பை நடத்துகிறவள் உன் மாணவி எஸ்தர். செங்கல் ஊரிலிருந்து நடந்து வருகிறாளே, அவள்தான். அவளுக்கு இந்தப் படிப்பு முடிந்தால் ஒரு வேலை. முடியாவிட்டால் முந்திரிக் கம்பெனி.

ஆபீசர் வருகிற நாள் தெரிந்ததும் நான் அவளிடம் போனேன். உன்னிடம் கேட்டதையே அவளிடமும் கேட்டேன். பிள்ளைகளைப் பழக்கிவிடு என்றேன்.

அவள் சாக்பீஸைப் பெட்டியில் வைத்தாள். "எனக்கும் ஆசைதான் சாரே. நேத்து ராத்திரி நெனச்சேன், பழக்கினா என்னன்னு. ஆனா அக்கா உண்டாக்கின வகுப்பில அக்கா செய்யமாட்டேன்னு சொன்னத நான் எப்பிடி செய்ய?"

"அக்கா போயாச்சு. அவளுக்குச் சம்பளம் வேண்டாம். ஒனக்கு வேணும்."

"வேணும்" என்றாள். அழுதாள். ஆனால் செய்யவில்லை. உன் பிடிவாதத்தை உன்னோடு புதைத்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன். நீ அதை ஒரு ஏழைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். சரி, அவள் வழியில் நடக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

எங்களுக்குத் தெரியாமல் நடந்தது வேறு. சைக்கிள் கடை தாவீது உனக்குத் தெரியும். போராட்டத்தில் அடிபட்டு முன்பல் போனவர். அவர் மகள் செல்வி நம் வகுப்பில் இருக்கிறாள். அவர் கடைக்கு வருகிற தகப்பன்மாரிடமெல்லாம், பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பழக்கச் சொல்லியிருக்கிறார். கால்சட்டை போட்ட சாறு வந்து என்ன கேட்டாலும் 'தெரியாது' என்று சொல்ல வேண்டும். மலையாளத்தில் கேட்பார், பிள்ளை தெரியாது என்னும், மலையாளம் அறியாத பிள்ளை என்று எழுதிக்கொள்வார். அவ்வளவுதான் திட்டம். ஒவ்வொரு வீட்டிலும் சாப்பாட்டு நேரத்தில் இதை ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். ஆபீசர் எந்தப் பேச்சில் பேசுவார் என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆபீசர் வந்தார், அக்கா. இளவயசு. தமிழ்ப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறோம் என்று தமிழ் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். வந்த இடத்துக்காரர் பேச்சில் பேச வேண்டும் என்கிற அதே மரியாதை. தட்டுத் தடுமாறி, அழகாக, "பாப்பா, உன் பெயர் என்ன?" என்று செல்வியிடம் கேட்டார்.

"தெரியாது" என்றாள் செல்வி.

அவர் சிரித்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். "உன் பெயர்?"

"தெரியாது."

"உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?"

"தெரியாது."

சுவரில் இருந்த மாம்பழப் படத்தைக் காட்டினார். "இது என்ன?"

அதற்குள் பிள்ளைகளுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. வகுப்பே எழுந்து நின்று ஒரே குரலில், "தெரியாது!" வாசலில் நின்ற தாவீதின் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகம் எந்த எதிரிக்கும் வர வேண்டாம். எஸ்தர் சுவரோடு ஒட்டி நின்றாள். ஆபீசர் என்னைப் பார்த்தார். ஒரு வருஷமாக இந்தப் பிள்ளைகளுக்கு இவர்கள் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று அவர் நினைப்பது எனக்கே கேட்டது.

கடைசி வரிசையில் ஒரு பொடியன், தெரிந்ததைச் சொல்லாமல் அடக்க முடியாமல் தேம்பினான். "டீச்சர், எனக்கறியாம் அது மாங்கயாக்கும். அப்பன் பறயப்பிடாதுன்னு சொல்லியிருக்கு."

ஆபீசர் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "சார், இது எந்த மொழி?"

நான் என்ன சொல்ல? மதராசில் படித்த பொருளாதாரத்தில் அதற்கு விடை இல்லை. உன் முதல் பாடத்தில் இருந்திருக்கும். நீ இல்லை.

கூடத்தின் பின்னால் என்னைத் தனியே கூப்பிட்டு அவர் சொன்னது இது: இன்றைக்கு எதுவும் எழுதாமல் போகிறேன். பள்ளி திறந்ததும் இன்னொரு முறை வருவேன், நான் வர முடியாவிட்டால் வேறு ஒருவர் வருவார். அதுவரை ஊர்வலம், பத்திரிகை, மனு எதுவும் வேண்டாம். இந்தக் கல்லூரியின் பெயர் ஒரு சச்சரவில் அடிபட்டால் மேலே உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள், என் கையில் இருக்காது. அந்தப் பெண்களாவது பரீட்சை எழுதி முடிக்கட்டும். அவர் மிரட்டவில்லை. கெட்டவராகவும் தெரியவில்லை. நல்லவர்களிடம் எனக்கு எப்போதும் பயம் அதிகம்.

மறுநாள் தாவீது வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார், இன்னும் இரண்டு தகப்பன்மாரோடு. "சாரே, பிழை பற்றியாச்சு. இனி செரியாப் பழக்கணும். மலையாளத்தில கேட்டா தெரியாதுன்னு சொல்லணும், தமிழில கேட்டா பதில் சொல்லணும். நீங்க ஒரு வாரம் டிரெயினிங் குடுங்க."

"நாலு வயசுப் பிள்ளைக்கா?"

"எனக்க பல்லு போனது எதுக்கு சாரே? பிள்ளை தமிழ் படிக்கணும்னாக்கும். ஒங்களுக்கு என்ன போச்சு?"

பக்கத்தில் செல்வி நின்றுகொண்டிருந்தாள். அவள் தாய் மலையாள வீட்டுப் பெண் என்று உனக்குத் தெரியும். அவள் தகப்பனின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அம்மெ விளிச்சா நான் கேக்கலாமா, அதும் தெரியாதுன்னு சொல்லணுமா?" என்று கேட்டாள். சந்தேகம் கேட்கிற தொனிதான், அழுகை ஒன்றும் இல்லை. பாடத்தைச் சரியாகப் படித்துக்கொள்ள விரும்புகிற பிள்ளை. தாவீது குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டார். "வாறேன் சாரே" என்று போய்விட்டார்.

என்னால் அவரை வைய முடியவில்லை. நான் உன்னிடம் கெஞ்சிக் கேட்டதைத்தான் அவர் செய்தார்.

உன்னை ஜெயிக்க விடுகிறேன் என்று நினைத்துவிடாதே. நீ சொன்னது சரி என்று நான் இப்போதும் எழுத மாட்டேன். பழக்காமல் விட்டால் என்ன நடக்கும்? அடுத்து வருகிறவர் மலையாளத்தில் கேட்டால் நம் பிள்ளைகள் மறுபடியும் எழுந்து நின்று மலையாளத்தில் மரியாதையாகப் பதில் சொல்லும். வகுப்பு போகும். எஸ்தர் போவாள். பழக்கினால் பிள்ளைகள் பெற்ற தாயைத் தெரியாது என்று சொல்லப் படிக்கும். இரண்டு பக்கமும் சுவர், அக்கா. இதில் எந்தப் பக்கம் முட்டுவது என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. எஸ்தர் என்னிடம் கேட்கிறாள், "அக்காக்க பாடத்தில இதுக்கு வல்ல வழியும் உண்டா சாரே?" என்று. உன் பாடத்தை நான் சிரித்துக்கொண்டே வாசலில் நின்று கேட்டேனே தவிர, உள்ளே வந்து உட்கார்ந்து கேட்கவில்லை. என்ன உண்டு, சொல்லேன்.

நீ சொல்ல மாட்டாய். ஆகவே எல்லையின் இரண்டு பக்கத்திலும் பிள்ளை பெற்றவர்களிடம் நான் சொல்கிறேன். இந்தக் கோடு பெரியவர்கள் போட்டது. பெரியவர்களே போய் மனுக் கொடுக்கட்டும், திட்டட்டும், அடி வாங்கட்டும். நாலு வயதுப் பிள்ளையை அதன் மேல் நிறுத்திவைத்துப் பொய் சொல்லப் பழக்காதீர்கள். எங்கள் ஊரில் பழக்கினார்கள். தன் பெயர் தெரியாது என்று பிள்ளைகள் சத்தம் போட்டுச் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பள்ளி திறக்கிற அன்று ஆபீசர் உள்ளே போகும்போது நான் கூடத்து வாசலில் உட்கார்ந்திருப்பேன். அதற்கு முன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்க மாட்டேன், வேறு யாரையும் சொல்லிக்கொடுக்க விடவும் மாட்டேன். கேட்டதற்கு வாயில் எது வருகிறதோ அதைச் சொல்லட்டும். பிறகு ஆபீசரிடம் நான் பேசிக்கொள்கிறேன், எந்த மொழி என்று அவர் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலை, எனக்குத் தெரிந்த இரண்டிலும். வகுப்பு தப்புமா? தப்பும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாமல்தான் வாக்குத் தருகிறேன்.

எஸ்தர் என்று எழுதியிருப்பது அவள் பெயர் இல்லை, செங்கல் அவள் ஊரும் இல்லை, பாறசாலை நம் ஊரும் இல்லை. தாவீதும் செல்வியும் தங்கமும் அப்படித்தான். உனக்கு அவர்களை யாரென்று தெரியும், அது போதும். கீழே என் பெயரை எழுதினால் எந்தச் சபை, எந்தக் கூடம், எந்தப் பெண்கள் என்று ஒரு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த ஊரில் எழுதப் படித்த ஆள் எவனும் பெயரில்லாமல் ஒரு வரி எழுதியதில்லை, நான் நிச்சயமாக எழுதியதில்லை. ஆனால் அந்தப் பெண்கள் பரீட்சை எழுத வேண்டும்.

உன் தம்பி என்பதோடு நிறுத்துகிறேன். நாளைக்குக் களியக்காவிளை வரை நடந்து, அந்தப் பக்கத்துத் தபால் பெட்டியில், பெயர் போடாமல் இதைப் போட்டுவிடுவேன்.